ராகிக் காவலில் பார்த்த எரிகல்: நீங்களும் பார்த்திருந்தால் எழுதுங்கள்

தேன்கனிக்கோட்டையிலிருந்து:

டிசம்பர் நடுவுல, ராகிக் கொல்லைக்குக் காவலா பரண் மேல உட்கார்ந்திருந்தோம். யானை நடமாட்டம் இருந்ததால யாரும் கண்ணை மூடல. ராத்திரி ஒரு மணி வாக்குல, ரோகிணி நட்சத்திரத்தை ஒட்டி மஞ்சளா ஒரு வெளிச்சம் இறங்கி, ரெண்டா உடைஞ்சு அணைஞ்சுபோச்சு. சத்தமே இல்ல. ஒரு நொடியில காணாமப் போறதோட எடை, அடர்த்தி எல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தருமபுரியிலிருந்து, இயற்பியல் ஆசிரியர்:

அண்ணா, அந்தத் தேதிக்கு அது வருஷா வருஷம் டிசம்பர்ல வர்ற ஜெமினிட் எரிகல் கூட்டத்தைச் சேர்ந்ததா இருக்க வாய்ப்பு அதிகம். சுமார் 100 கி.மீ. உயரத்துல எரிஞ்சதுன்னு வெச்சுக்குங்க. உங்க ஊருக்கும் எங்க ஊருக்கும் நேர்கோட்டில் ஏறக்குறைய 60 கி.மீ. உங்களுக்கு ரோகிணி பக்கம் தெரிஞ்சது, எங்க மொட்டை மாடியிலிருந்து பார்த்தா 30 டிகிரி வரைக்கும் தள்ளித் தெரியும். ரெண்டு ஊர்லயும் கேமரா இருந்தா இந்த விலகலை வெச்சே உயரம், பாதை ரெண்டையும் கணக்குப் போட்டுடலாம்.

ஜெமினிட் வேகம் நொடிக்குச் சுமார் 35 கி.மீ. நொடிக்கு 25 ஃப்ரேம் எடுக்கிற வீடியோவுல, ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல அது 1.4 கி.மீ. ஓடியிருக்கும். அந்த இடைவெளி போகப்போகக் குறுகும். சின்னத் துகள்னா காற்று சீக்கிரம் பிடிச்சு நிறுத்திடும், கனமானது லேசுல வேகம் இழக்காது. எடையைக் கண்டுபிடிக்க இது ஒரு வழி. மொத்தம் எவ்வளவு வெளிச்சம் கொடுத்ததுன்னு அளந்தா இன்னொரு எடை கிடைக்கும். ரெண்டையும் பொருத்திப் பார்க்கிறப்போதான் அடர்த்தி பிடிபடும்.

ஆனா நீங்க "ரெண்டா உடைஞ்சு"ன்னு எழுதினீங்களே, அதுக்குத்தான் மதிப்பு அதிகம். உடைஞ்ச உயரத்துல இருக்கிற காற்றின் அடர்த்தியை வேகத்தின் வர்க்கத்தால பெருக்கினா, அது தாங்கின அழுத்தம் வந்துடும். அதுதான் அந்தப் பொருளோட உறுதி. டிராகோனிட்ங்கிற இன்னொரு எரிகல் கூட்டத்தோட துகள் கன சென்டிமீட்டருக்கு 0.3 கிராம்தான், தண்ணியில மிதக்கிற லேசு. ஜெமினிட் கிட்டத்தட்ட நம்ம கிருஷ்ணகிரி கிரானைட் அளவுக்குக் கனம். இவ்வளவையும் தொடாமலே தெரிஞ்சுக்க முடியுதேன்னு, வகுப்புல சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

1959 ஏப்ரல் 7-ல செக்கோஸ்லோவாக்கியாவுல பிரிப்ரம் எரிகல்லை இப்படித்தான் கேமராக்கள் பிடிச்சது. படத்தை வெச்சுச் சுற்றுப்பாதை கணக்கிடப்பட்டு, கல்லும் கைக்குக் கிடைச்சது அதுவே முதல்முறை.

சூளகிரிப் பக்கத்திலிருந்து:

நான் பார்க்கல, கேட்டேன். 2008 செப்டம்பர் 12 காலையில சொசைட்டிக்குப் பால் ஊத்திட்டு வந்துக்கிட்டிருந்தேன். குவாரி வெடி எங்களுக்குப் பழக்கம், டம்முனு ஒன்னு, அத்தோட முடிஞ்சிடும். இந்தச் சத்தம் உருண்டுக்கிட்டே போச்சு. அப்புறம்தான் கல் விழுந்த சேதி வந்தது. எல்லாத் துண்டும் சேர்த்துச் சுமார் 110 கிலோ. ஒரு துண்டைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். மேல நகத்தைவிட மெல்லிசா கறுப்புத் தோல், உடைஞ்ச வாயில வெளிர் சாம்பல். அந்தக் கல்லாலதான் நான் புவியமைப்பியல் படிக்கப் போனேன்.

சூளகிரிக் கல் எல்எல்6 வகை, அதாவது காண்ட்ரைட்ங்கிற விண்கல் இனத்துல இரும்பு குறைஞ்சது. இந்த மாதிரிக் கல்லைத் தண்ணியில முக்கிக் கன அளவு எடுக்கக் கூடாது, உள்ள இருக்கிற உலோகம் துருப்பிடிச்சிடும். பொடிக் கண்ணாடி மணிகளுக்குள்ள புதைச்சு அளப்பாங்க. அடுத்து ஹீலியம் வாயுவை விடுவாங்க, அது நுண்துளைக்குள்ளயும் நுழைஞ்சிடும். ரெண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் கல்லுக்குள்ள இருக்கிற வெற்றிடம்.

ஜப்பானோட ஹயபுசா விண்கலம் இட்டோகாவாங்கிற சிறுகோள்லயிருந்து 2010-ல தூசி கொண்டுவந்ததே, அதுவும் எல்எல் வகைதான்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து:

ரொம்ப நன்றி சார், தம்பிக்கும் நன்றி. வர்ற டிசம்பர் 14 ராத்திரி பரண்ல கேமராவைக் கட்டி வெக்கிறேன். சார், நீங்க மாடியில ரோகிணிக்கு எந்தப் பக்கம் திருப்பி வெக்கணும்னு கணக்குப் போட்டுச் சொல்லுங்க. ரெண்டு கடிகாரத்தையும் முன்னாடியே ஒன்னா சரிபண்ணிக்கலாம்.