எல்ஆர்டி தடம் வீட்டோரம் வருகிறது: எந்த மேசையில், எப்போது, எதைக் கேட்பது?

ஜெலுத்தோங் வாசகர்:
வணக்கம். பினாங்கு முத்தியாரா எல்ஆர்டி (இலகு ரயில்) தடத்தின் தூண்கள் எங்கள் பகுதியை ஒட்டி வர இருக்கின்றன. குடியிருப்பாளர் சங்கத்தில் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள்: மாநகர் மன்றம், மாநில அரசு, அபாட், எம்ஆர்டி கோர்ப், போக்குவரத்து அமைச்சு. இதில் கண்காணிப்பது யார், கண்காணிக்கப்படுவது யார்? தடத்தோரம் ஒரு சிறு கோயிலும் இருக்கிறது, நிலம் கோயில் பெயரில் இல்லை. வீட்டுச் சுவரில் விரிசல் விட்டால் யாரைப் பிடிப்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தண்டவாளம்:
வணக்கம் அண்ணே. ரயில் என்பது கூட்டரசின் அதிகாரம். 2010ஆம் ஆண்டின் தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டம்தான் அடிப்படை. அந்தச் சட்டத்தை முன்பு ஸ்பாட் எனும் தரைப் பொதுப் போக்குவரத்து ஆணையம் நடத்தியது. 2019இலிருந்து அந்த வேலையைப் போக்குவரத்து அமைச்சின் கீழ் உள்ள அபாட் எனும் தரைப் பொதுப் போக்குவரத்து முகமை பார்க்கிறது. எம்ஆர்டி கோர்ப் 2024இல் இந்தத் திட்டத்தைக் கையில் எடுத்த உரிமையாளர். அது கண்காணிக்கப்படும் தரப்பு. அதனிடம் மட்டும் மனு கொடுத்துவிட்டு "அரசாங்கத்திடம் சொல்லிவிட்டோம்" என்று இருந்துவிடாதீர்கள்.

நிலம் எடுப்பது மாநில நில அலுவலகம். சாலை மறிப்பு, வடிகால் அடைப்பு மாநகர் மன்றம். தூசி, இரைச்சல், சேற்று நீர் என்றால் சுற்றுச்சூழல் துறை. பாரந்தூக்கி, சாரம், வேலையிட விபத்து என்றால் ஜேகேகேபி எனும் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை. ஒரே கடிதத்தை ஐந்து இடத்துக்கும் அனுப்பினால் ஐவரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். ஒவ்வொருவருக்கும் அவரவர் பங்கை மட்டும் எழுதுங்கள்.

தடத்தையே நகர்த்தக் கேட்க உகந்த காலம் ஒன்றுதான்: சட்டத்தின் 84ஆம் பிரிவுப்படி திட்ட வரைபடங்களை மூன்று மாதம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும் காலம். கோலாலம்பூரில் சுங்கை பூலோ–காஜாங் எம்ஆர்டி தடத்துக்கு 2011 பிப்ரவரி 14இலிருந்து மே 14 வரை வைத்தார்கள். அந்தக் காலம் முடிந்து இறுதி ஒப்புதலும் வந்த பிறகு தூணை இடம் மாற்றக் கேட்பது கல்லில் நார் உரிப்பதுதான். அப்போது இரைச்சல் தடுப்புச் சுவர், வேலை நேரம், மாற்றுப் பாதை என்று கேட்டால் கிடைக்க வாய்ப்புண்டு.

ஒரே வாசகத்தில் ஐந்நூறு கையெழுத்து போட்ட மனுவைவிட இப்படி எழுதிய பத்துக் கடிதம் வலுவானது: "வரைபடத் தாள் எண் இது, தடத்தொலைவு எண் இது, தூண் எண் இது. இந்தத் தூண் லோட் (மனை) எண் இன்னதன் வாசலிலிருந்து 6 மீட்டரில் வருகிறது. தீயணைப்பு வண்டி திரும்ப இடம் இல்லை. தூணைச் சாலை நடுத்திட்டுக்கு மாற்ற முடியுமா, முடியாதென்றால் பொறியியல் காரணம் என்ன?" காரணத்தைக் கேட்கும் கேள்விக்குப் பொறியாளர் பதில் எழுதியாக வேண்டும். நகலில் 'பெறப்பட்டது' முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

லோட் எண்:
நிலம் பற்றி நான் சொல்கிறேன். 1960ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தில் 'பாரம்' எனும் படிவங்கள் வரிசையாக வரும். பாரம் ஏ வந்தால் 'எடுக்கப்படலாம்' என்று பொருள். 12 மாதத்துக்குள் பாரம் டி அறிவிப்பு வராவிட்டால் அது காலாவதி. பாரம் டி வந்துவிட்டால் எடுப்பது உறுதி. இரண்டு ஆண்டுக்குள் நில நிர்வாகி இழப்பீட்டுத் தீர்ப்பு எழுதாவிட்டால் அதுவும் காலாவதிதான். பாரம் ஈ விசாரணை அழைப்பு. அது கிடைத்து 21 நாளாவது கழிந்த பிறகே விசாரணை. அந்த 21 நாளில் உரிமம் பெற்ற தனியார் மதிப்பீட்டாளரின் அறிக்கை உங்கள் கையில் இருக்க வேண்டும். பலர் வெறுங்கையோடு போய் "எங்களுக்கு இது போதாது" என்று மட்டும் சொல்லிவிட்டு வருகிறார்கள். பதிவேட்டில் ஓர் எண்கூட ஏறாது.

இழப்பீட்டுத் தீர்ப்பைச் சொல்லும் பாரம் எச் கிடைத்ததும் 'எதிர்ப்போடு ஏற்கிறேன்' என்று குறித்துப் பணத்தை வாங்கிக்கொண்டு, 'பாரம் என்' எனும் ஆட்சேபப் படிவம் போட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். விசாரணையில் இருந்தவருக்குத் தீர்ப்பு நாளிலிருந்து ஆறு வாரம்தான் கெடு. அந்தப் பாரத்தில் அளவு, தொகை, யாருக்குச் சேர வேண்டும், எப்படிப் பங்கிடுவது என்ற நான்கை மட்டுமே எதிர்க்க முடியும். 'நிலத்தையே எடுக்காதே' என்பதற்கு அது வழியில்லை.

நெஞ்சை உறுத்தும் இரண்டு விஷயம். ஒன்று, உங்கள் நிலத்தில் ஓரடிகூட எடுக்காமல் பக்கத்து லோட்டில் தடம் போனால், இரைச்சலுக்கோ வீட்டு விலை சரிவதற்கோ இந்தச் சட்டத்தில் ஒரு காசும் கிடையாது. எஞ்சிய நிலத்துக்கான பாதிப்புத் தொகை, ஒரு பகுதியாவது பறிகொடுத்தவருக்குத்தான். இன்னொன்று கோயில். சட்டம் 'அக்கறை உள்ளவர்' என்ற பட்டியலிலிருந்து உரிமையாளர் தயவில் குடியிருப்பவரை விலக்குகிறது. நிலம் வேறொருவர் பெயரில் இருந்தால் பாரம் ஈ அவருக்குத்தான் போகும், கோயில் குழுவுக்குத் தெரியாமலே விசாரணை முடிந்துவிடலாம். ஆகவே பாரம் ஏ கட்டத்திலேயே நில நிர்வாகிக்கு எழுதுங்கள்: கோயில் எப்போதிலிருந்து இருக்கிறது, சங்கப் பதிவு எண், மின்கட்டண ரசீதுகள், நில உரிமையாளர் எழுதிக்கொடுத்த அனுமதி. மாற்றிடம் பற்றி மாநில அரசோடு தனியாகப் பேசுங்கள், பினாங்கு இந்து அறப்பணி வாரியத்துக்கும் நகல் போகட்டும். கோயிலைப் பெயர்க்கும் நாள் வந்த பிறகு கூடி நின்று அழுவதைவிட இந்த ஒரு கோப்பு பெரிய காவல்.

மண் பொறி:
விரிசலுக்கு வருகிறேன். ஜெலுத்தோங் கடலோரம் மென்மையான கடற்களிமண், அதன் மேல் பல இடங்களில் மண் கொட்டி நிரப்பிய நிலம். எல்லோரும் அதிர்வுக்குப் பயப்படுகிறார்கள். இந்த மண்ணில் அதைவிட ஆபத்து நிலத்தடி நீர் இறங்குவது. தூணடித் தொப்பிக்கு (தூணைத் தாங்கும் அடித்தளக் கான்கிரீட் கட்டைக்கு) குழி தோண்டி நீரை இறைத்துக்கொண்டே இருந்தால் சுற்றியுள்ள களிமண் சுருங்கி அமிழும். முன்பகுதி ஆழமான தூண்களிலும், பின்னால் இழுத்துக் கட்டிய சமையலறை குட்டை பக்காவ் (சதுப்புநில மர) கம்புகளிலும் நின்றால், இரண்டும் சேரும் இடத்தில் வாய் பிளக்கும். அதே பிளவு எல்ஆர்டி இல்லாமலும் வருவதுண்டு. குத்தகையாளர் அதைத்தான் முதலில் சொல்வார்.

அதனால் வேலைக்கு முன் எடுக்கும் கட்டட நிலைப் பதிவு உயிர்நாடி. நிழற்படம் எடுக்க ஆள் வரும்போது கதவைத் திறந்து விடுங்கள், கோபத்தில் விரட்டாதீர்கள். பிறகு கையெழுத்திட்ட நகலைக் கேட்டு வாங்குங்கள். நீங்களும் தனியாகப் பதியுங்கள்: விரிசலின் நுனியில் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். 0.1 மி.மீ. வரை காட்டும் ஒளிபுகும் விரிசல் அளவு அட்டையை அதன் மேல் வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் படம் எடுங்கள். சிலந்தி வலை போன்ற மெல்லிய கீறல் பெரும்பாலும் பூச்சுச் சுருக்கம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக, செங்கல் இணைப்புகளில் படிப்படியாக இறங்கி, ஒரு முனையில் அகலமாகிக்கொண்டே போனால் அது அடித்தளம் சமமின்றி அமிழ்வதன் அடையாளம்.

அதிர்வுக்கு எண்ணைக் கேளுங்கள். ஜெர்மானிய டிஐஎன் 4150-3 தரப்படி, 10 ஹெர்ட்சுக்குக் கீழ் உள்ள குறுகிய கால அதிர்வுக்கு அடித்தளத்தில் குடியிருப்பு என்றால் வினாடிக்கு 5 மி.மீ., நலிந்த பாரம்பரியக் கட்டடம் என்றால் 3 மி.மீ. வினாடிக்கு 0.3 மி.மீ. அளவிலேயே வீட்டுக்குள் உணர முடியும், ஆகவே தட்டு அதிர்ந்தால் சுவர் கெட்டுவிட்டது என்று பொருளல்ல. துளையிட்டு வார்க்கும் தூணில் பெரும்பாலும் அதிர்வது இரும்பு உறையை இறக்கும், உருவும் நேரம்தான். கேட்க வேண்டிய தாள்கள் மூன்று: அமிழ்வுக் குறிகளின் அளவீடு, நிலத்தடி நீர்மட்ட அளவீடு, அதிர்வு அளவீடு. எச்சரிக்கை, நடவடிக்கை, நிறுத்தம் என்ற மூன்று எல்லைகளும் என்ன எண்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். எல்லை தெரியாமல் அளவீட்டை மட்டும் வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

தண்டவாளம்:
திறந்த பிறகும் கண்காணிப்பு தேவை என்பதைச் சேர்க்கிறேன். 2021 மே 24 அன்று கோலாலம்பூரின் கிளானா ஜெயா எல்ஆர்டி தடத்தில் கேஎல்சிசிக்கும் கம்போங் பாருவுக்கும் இடையே, கையால் ஓட்டப்பட்ட காலி ரயில் பயணிகள் ரயிலோடு மோதி 213 பேர் காயமடைந்தார்கள். தானியங்கிக் கட்டுப்பாடு ஓடும்வரை பாதுகாப்பைக் கணினி பார்த்துக்கொள்ளும். கைமாறும் அந்த நிமிடத்தில் நடைமுறையும் கட்டுப்பாட்டு அறையின் குரலும்தான் காவல். ஆகவே சோதனையோட்டம் பற்றிக் கேட்கும்போது "எத்தனை நாள் ஓட்டினீர்கள்" என்பதோடு நிறுத்தாமல், "கணினி விழுந்தபின் ரயிலை மீட்கும் பயிற்சியை எத்தனை முறை செய்தீர்கள்" என்றும் கேளுங்கள்.

பக்கத்தில் கட்டுபவர்களுக்கும் பொறுப்பு உண்டு. 2023 ஜனவரியில் அம்பாங் தடத்தில் பண்டாராயா நிலையத்தருகே அண்டைக் கட்டுமானத்தால் தடத்தின் கட்டமைப்பு சேதமடைந்து சேவை தடைபட்டது. தடம் வந்துவிட்டால் சுற்றியுள்ள நிலம் ரயில் பாதுகாப்பு மண்டலம் ஆகும். உள்ளே தோண்ட, தூணிறக்க அனுமதி வேண்டும். நாளை வீட்டை இழுத்துக் கட்ட நினைப்பவர்கள் இதை இப்போதே கவனிக்க வேண்டும்.

ரிங்கிட் கணக்கு:
பணப் பக்கம் சுருக்கமாக. கிள்ளான் பள்ளத்தாக்கின் எல்ஆர்டி 3 தடத்தின் செலவு மதிப்பீடு 2018 ஜூலையில் 3,165 கோடி ரிங்கிட்டிலிருந்து 1,663 கோடியாகக் குறைக்கப்பட்டது. ஆறு பெட்டி ரயில்கள் 42 என்பது மூன்று பெட்டி ரயில்கள் 22 ஆனது, ஐந்து நிலையங்கள் விடப்பட்டன. அந்த ஐந்தையும் 2024 பட்ஜெட்டில் மீண்டும் சேர்த்தார்கள். செலவு குறைந்தது என்று அறிவிக்கும்போது எந்தப் பொருள் குறைந்தது என்று வரிவரியாகக் கேட்க வேண்டியவர் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர். பொதுக் கணக்குக் குழுவும் தலைமைக் கணக்காய்வாளரும் அதற்குத்தான் இருக்கிறார்கள்.

ஜெலுத்தோங் வாசகர்:
எல்லோருக்கும் நன்றி. ஒன்று மட்டும்: இரவு வேலைச் சத்தத்துக்கு முதலில் யாரை அழைப்பது?

மண் பொறி:
முதலில் திட்டத்தின் புகார் எண். புகார்க் குறியெண்ணைக் கேட்டு வாங்காமல் தொலைபேசியை வைக்காதீர்கள். மறுநாள் அந்தக் குறியெண், தொடங்கிய மணி, முடிந்த மணி, எந்தத் தூண், எந்த இயந்திரம் என்று எழுதிச் சுற்றுச்சூழல் துறைக்கும், நகலை மாநகர் மன்றத்துக்கும் அனுப்புங்கள். கைப்பேசிச் செயலியின் டெசிபல் எண்ணை எழுதாதீர்கள், அதை வைத்தே கடிதத்தைத் தள்ளிவிடுவார்கள். "உங்கள் அளவி அந்த நேரத்தில் என்ன காட்டியது" என்று மட்டும் கேளுங்கள்.