மறுமொழி: அகமீயொலி ஊசிக்கொய்வு

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஆங்கிலத்தில் "endoscopic ultrasound-guided fine needle biopsy" எனப்படும் மருத்துவச் செய்முறைக்கு "உள்நோக்கிவழி மீயொலி வழிகாட்டு மென்னூசித் திசுச்சோதனை" என்று தமிழ்ப்பெயர் வைக்கலாம் என்ற முன்மொழிவைக் கண்டேன். பொருளில் பிழையில்லை, ஒரே மூச்சில் சொல்லத்தான் முடியவில்லை. மூலத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே ஒரு தமிழ்ச்சொல்லை நிறுத்தினால் சரக்கு ரயில்தான் வரும்.

முதலில் செய்முறையைப் பார்ப்போம். வழக்கமான உள்நோக்கி (எண்டோஸ்கோப் குழாய்) இரைப்பையின் உட்பரப்பைத்தான் காட்டும். அதன் இடுக்கி கிள்ளுவதும் பெரும்பாலும் சளிச்சவ்வைத்தான். கட்டி இரைப்பைச் சுவரின் நான்காம் அடுக்கான தசையில் இருந்தாலோ, சுவருக்கு அப்பால் கணையத்தில் இருந்தாலோ இடுக்கிக்கு எட்டாது. அதற்காகவே குழாயின் நுனியில் மீயொலிக் (அல்ட்ராசவுண்ட்) கருவியைப் பொருத்தினார்கள். மருத்துவர் இரைப்பைக்குள்ளிருந்தே சுவரை அடுக்கடுக்காகப் பார்க்கிறார். குறுக்கே ஓடும் இரத்தக்குழாயை, இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் மீயொலியில் கண்டு, அதை விலக்கி ஊசியைச் செலுத்துகிறார். டென்மார்க்கின் பீட்டர் வில்மன் குழுவினர் கணைய நோய்களில் இம்முறையைக் கையாண்டு 1992இல் கட்டுரை வெளியிட்டார்கள்.

ஆக, ஒலி உள்ளேயிருந்து பார்ப்பதுதான் இதன் சிறப்பு. வயிற்றின்மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனிலிருந்து பிரித்துக்காட்ட "அகமீயொலி" போதும். "வழிகாட்டு" என்பதை விட்டுவிடலாம். பார்க்காமல் யார் ஊசி குத்துவார்கள்? "அகவொலி" என்று இன்னும் சுருக்கலாமே என்று அம்மா ஒருவர் கேட்டிருந்தார். அதை நோயாளி மனச்சாட்சி என்று எடுத்துக்கொள்வாரே, அம்மா!

என் தயக்கமெல்லாம் கடைசிச் சொல்லில்தான். "சோதனை" ஆய்வகத்தில் நடப்பது. குழாயைப் பிடித்திருப்பவர் செய்வது எடுப்பது மட்டுமே. மருத்துவமனை வரிசையில் நிற்பவர்கள் "சதை எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்" என்பார்கள். எடுப்பதும் பார்ப்பதும் இரண்டு வினை என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எடுப்பதிலும் இரண்டு வகை உண்டு. நுண்ணூசியால் உறிஞ்சினால் பெரும்பாலும் உதிரிச் செல்களே வரும். வெட்டும் முனையுள்ள ஊசி திசுவை அதன் அமைப்பு குலையாமல் சிறு துண்டாகக் கொண்டுவரும். தசையடுக்கிலிருந்து கிளம்பும் கட்டிகளில் நிறமேற்றிப் பார்த்து வகையை உறுதிசெய்ய அந்தத் துண்டு பெரிதும் உதவும். ஆகவே முன்னதற்கு "ஊசியுறிஞ்சல்", பின்னதற்கு "ஊசிக்கொய்வு" என்கிறேன். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், அறிக்கையைப் படிப்பவருக்கு எது வந்ததென்று தெரியாது.

கொய்தல் பூவுக்கும் கதிருக்கும் உரியதாயிற்றே என்று தடை சொல்லலாம். தலையையும் கொய்வார்கள் என்பதுதான் எனக்கே உறுத்துகிறது. ஆனால் "வெட்டு", "அறுப்பு" இரண்டும் அதைவிட அச்சுறுத்துகின்றன. "கிள்ளல்" இடுக்கிக்குப் போய்விட்டது.

இன்னொன்று: "மென்னூசி" வேண்டாம், ஐயா. 22 கேஜ் ஊசியின் தடிமன் ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர். மெல்லியதுதான், ஆனாலும் சுவரைத் துளைத்துப் போகவேண்டியது. "மென்" என்றால் வளைந்து துவளும் ஒன்று நினைவுக்கு வருகிறது. "நுண்ணூசி" என்றே எழுதலாமா?