எக்ஸ்போஷர் சிகிச்சை: சிகிச்சையாளரின் தயக்கத்தைப் போக்கிய அனுபவங்கள்

குன்னூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

பதற்ற நோய்களுக்கு எக்ஸ்போஷர் சிகிச்சை, அதாவது அஞ்சும் சூழலை விட்டு விலகாமல் திட்டமிட்டுப் படிப்படியாக எதிர்கொள்ளச் செய்யும் முறை, பலன் தரும் என்பதை என்னிடம் பயிற்சிக்கு வரும் இளம் உளவியலாளர் எவரும் மறுப்பதில்லை. 1924-இல் உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ் முயலைக் கண்டு அஞ்சிய சிறுவனைப் பழக்கிய விதத்தையும், அச்சத்தைப் படிப்படியாகத் தணிக்கும் முறையை விளக்கி 1958-இல் வெளிவந்த மனநல மருத்துவர் ஜோசப் வோல்பேயின் நூலையும் பற்றித் தேர்வில் பிழையின்றி எழுதிவிடுவார்கள். ஆயினும் எதிரே அமர்ந்திருப்பவருக்குக் கை நடுங்கத் தொடங்கியதும் மூச்சுப் பயிற்சிக்கும் ஆறுதல் மொழிக்கும் தாவிவிடுகிறார்கள். மயங்கி விழுந்துவிட்டால் என்ன செய்வது, மறுமுறை வராமலே போய்விட்டால் என்ன செய்வது என்ற அவர்களுடைய அச்சமும் தவிர்க்கத் தவிர்க்க வளர்வதுதான். இத்தகைய தயக்கங்களை அளப்பதற்கென்றே உளவியல் ஆய்வாளர் டீக்கனும் அவருடைய சகாக்களும் 2013-இல் ஒரு வினாப்படிவத்தை வெளியிட்டார்கள். பயிற்சியின் தொடக்கத்திலும் முடிவிலும் அதை நிரப்பச் சொல்வது என் வழக்கம்.

விரிவுரையை விரைவில் முடித்துவிடுவேன். சுழல் நாற்காலியில் சுற்றுவது, மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்லிய ஸ்ட்ரா வழியாக மூச்சு விடுவது, ஒரு நிமிடம் வேகமாக மூச்சிரைப்பது என்று, பீதி நோயாளிகள் (திடீரெனக் கடும் அச்சத்துக்கு ஆளாகிறவர்கள்) தாம் அஞ்சும் உடல் உணர்வுகளையே எதிர்கொள்ளத் தரும் பயிற்சிகளை முதலில் அவர்களே செய்ய வேண்டும்; தமக்கு என்ன நேரும் என்று நினைக்கிறார்களோ அதை முன்கூட்டியே தாளில் எழுதிவைக்கவும் வேண்டும். (இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு, கர்ப்பம் உள்ளவர்களுக்கு மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தருவதில்லை.) தலைசுற்றல் வந்து தானாகவே அடங்குவதைத் தம் உடம்பிலேயே கண்டவர், அதை நோயாளியிடம் சொல்லும்போது குரலில் தடுமாற்றம் இருப்பதில்லை.

பயிற்சி மாணவி ஒருவருடன் சென்ற பேருந்துப் பயணத்தை, அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன். மேட்டுப்பாளையம் இறக்கத்தில் ஒருமுறை பீதி கண்ட பின் கீழே இறங்குவதையே விட்டுவிட்ட ஓர் அம்மாவுக்கான சிகிச்சை அது. கையில் எலுமிச்சம்பழமும் பிளாஸ்டிக் பையும் இல்லாமல் அவர் எந்தப் பேருந்திலும் ஏறமாட்டார். இரண்டையும் வீட்டில் வைத்துவிட்டு வர அவரே ஒப்புக்கொண்டார். எதையும் மறைத்தோ வற்புறுத்தியோ செய்யக்கூடாது என்பது இச்சிகிச்சையின் அடிப்படை. மூன்றாவது வளைவுக்குள் மூச்சு நின்று விழுந்துவிடுவேன் என்று தம் கணிப்பை எழுதித் தந்திருந்தார். வளைவுகள் தொடங்கியதும் மாணவி அவருடைய மகளின் திருமணத்தைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தார். அன்பினால் செய்ததுதான், ஆனால் கவனத்தைத் திருப்பும் அந்தப் பேச்சும் பயத்தை நேரே எதிர்கொள்ளவிடாத இன்னோர் எலுமிச்சம்பழமே. நான் சைகை காட்டிய பின், "இப்போது பயம் எவ்வளவு இருக்கிறதும்மா?" என்று மட்டும் கேட்கத் தொடங்கினார். பூஜ்ஜியம் முதல் நூறு வரையிலான அளவில், வழியிலுள்ள பர்லியாறு வரும் வரை எண்பதை விட்டு அது இறங்கவே இல்லை. மாணவியின் முகம் வாடிவிட்டது. பயம் அப்போதே குறைய வேண்டும் என்பது அவர் கற்றுவந்த பாடம். அஞ்சியது நடக்கவில்லை என்பதை நோயாளி கற்றுக்கொள்வதே முதன்மையானது என்று உளவியலாளர் மிஷெல் கிராஸ்கும் சகாக்களும் 2014-இல் விரிவாக எழுதியிருக்கிறார்கள். ஆகவே பயத்தின் அளவை விட்டுவிட்டு, எழுதித் தந்த கணிப்பைப் பற்றிக் கேட்கச் சொன்னேன். "நெஞ்சு ரொம்ப அடிச்சுக்கிச்சுங்க, ஆனா விழல, உக்காந்துதான் இருந்தேன்" என்றார் அந்த அம்மா. திரும்பும் பேருந்தில் ஓட்டுநருக்குப் பின்னிருந்த தம் வழக்கமான இருக்கையை விட்டு, யாரும் சொல்லாமலே பின்வரிசைக்குப் போனார்.

தேயிலைத் தோட்டத்தில் காட்டெருமைக்கு அஞ்சுகிறவருக்கும் இதைத் தரலாமா என்று ஒரு மாணவர் கேட்டார். கூடாது, கோத்தகிரிப் பக்கம் அந்த அச்சம் இல்லாதவரைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன்.

கொடைக்கானலிலிருந்து ஓர் உறுப்பினர்:

மயக்கம் உண்மையாகவே நேரக்கூடிய ஒரு வகையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் ஐயா. இரத்தத்தையும் ஊசியையும் கண்டு அஞ்சுகிறவர்களில் பலருக்கு இரத்த அழுத்தம் சட்டென இறங்கிவிடுகிறது. நர்சிங் படிக்க விரும்பிய ஒரு பெண்ணுக்கு, சுவீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் வகுத்த முறைப்படி, இரத்த அழுத்தம் இறங்காமல் இருக்க, கை, கால், வயிற்றுத் தசைகளை முகம் சூடேறும் வரை பத்துப் பதினைந்து நொடி இறுக்கிப் பிறகு இயல்பு நிலைக்கு விடக் கற்றுக்கொடுத்த பின்பே இரத்தப் படங்களைக் காட்டினேன். அதற்கு முன் என் மேற்பார்வையாளர் என்னையே நோயாளியாகக் கிடத்தி, காலை உயர்த்தி வைப்பதையும், தெளிந்த பின் மீண்டும் அதே படத்துக்குத் திரும்புவதையும் ஒத்திகை பார்க்கச் செய்தார். எந்த விரிவுரையும் தராத துணிவை அந்த ஒத்திகை தந்தது. சிகிச்சையைப் பாதியில் நிறுத்திவிட்டவரை மறுபடி அழைத்துப் பேசுவதற்கும் உங்கள் பயிற்சியில் இதுபோல் ஒத்திகை உண்டா, ஐயா?