அப்பாவின் லூயி பாடி மறதிநோய்: மருந்து மாற்றிய பிறகு (புதுப்பிப்பு)

அப்பாவுக்கு இருப்பது, மறதியோடு இல்லாத ஆட்கள் தெரியும் பிரமையும் நடைத் தடுமாற்றமும் வரும் மூளை நோய். போன மாதம் எழுதியிருந்தேன்: மூலையில் குழந்தைகள் உட்கார்ந்திருப்பதாக அப்பா சொன்னதற்கு ஹாலோபெரிடால் என்ற, பிரமையை அடக்கும் மருந்தைக் கொடுத்தார்கள், இரண்டே நாளில் உடம்பு கட்டையாக விறைத்துப்போனது. உடல் அசைவுக்குத் தேவையான டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளைத் தடுக்கும் அந்த மருந்து லூயி பாடி நோய்க்கு ஆகவே ஆகாதாம். புதிய நரம்பியல் மருத்துவர் உடனே நிறுத்தினார்.

இப்போது ரிவாஸ்டிக்மின் (மறதிநோய்க்கான மருந்து) பேட்ச், 4.6 மில்லிகிராம். தினமும் இடம் மாற்றி முதுகில் ஒட்டுகிறோம். பழையதை உரிக்க மறந்தால் மருந்து அளவு மீறிவிடும் என்பதால் அம்மா காலண்டரில் குறித்துவைக்கிறார். (ஒருநாள் அப்பாவே உரித்துத் தலையணையில் ஒட்டியிருந்தார்!)

உடலில் டோபமைனாக மாறும் லெவோடோபா மருந்தைக் கூட்டினால் நடை தேறலாம், ஆனால் பிரமையும் கூடலாம். அதனால் அதை இப்போதைக்குத் தொடவில்லை.

குழந்தைகள் இன்னும் வருகிறார்கள். அப்பாவுக்குப் பயம் மட்டும் போய்விட்டது. நேற்று, "அதுங்க சாப்பிட்டாச்சா?" என்று கேட்டார்.