புது லெதர் பூட்ஸ் குதிகாலைக் கடிக்கிறது: பழகுமா, திருப்பிக் கொடுத்துவிடலாமா?

சர்வேயர்_கோவை: வால்பாறைப் பக்கம் நில அளவை வேலை, மழைக்காலம் முழுக்க நடை. கணுக்கால் மறைக்கும் லெதர் பூட்ஸ் வாங்கினேன். குதிகால் உரசுகிறது, சுண்டுவிரல் பக்கமும் இறுக்கம். கடைக்காரர் போடப் போட சரியாகிவிடும் என்கிறார், கூட வேலை செய்பவர் தண்ணீரில் ஊறவைத்துப் போட்டுக்கொண்டே காயவிடச் சொல்கிறார். எதைக் கேட்பது?

ஆம்பூர்க்காரன்: ஊறவைக்கிற வேலையே வேண்டாம் தம்பி, தோல் காயும்போது விறைத்துப்போகும். பக்கவாட்டு இறுக்கம் போகப் போக இளகும், ஆனால் நீளம் குறைவென்றால் எத்தனை நாள் போட்டாலும் நீளாது. அதனால் சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது, வேலைக்குப் போடும் அதே சாக்ஸோடு லேஸை இறுக்கிக் கட்டி மாடிப்படியில் இறங்கிப் பாருங்கள், விரல் நுனி முன்னால் முட்டினால் பேசாமல் திருப்பிக் கொடுங்கள். புது சோல் வளைந்து பழகும் வரை குதிகால் லேசாக ஏறி இறங்குவது சகஜம்தான்.

அப்புறம் தோலைப் பாருங்கள். விரல் மடியும் இடத்தில் மெல்லிய சுருக்கம் விழுந்தால் நல்ல தோல். மேல்பூச்சு பிளாஸ்டிக் போல வெடித்தால் அது அடித்தோலில் (மேல்தோலை உரித்தபின் மிஞ்சும் கீழடுக்கில்) பூச்சு ஏற்றியது, மழைக்குத் தாங்காது. பியூ (பாலியூரிதேன்) சோல் என்றால் தயாரித்த மாதத்தையும் பாருங்கள், போடாமல் பெட்டியில் கிடந்தாலே ஈரக்காற்றில் உதிர்ந்துவிடும்.

காட்டுவழி: அண்ணன் சொன்னதோடு ஒன்று: பூட்ஸின் நாக்கு, அதாவது லேஸுக்குக் கீழே இருக்கும் மடல், இரண்டு ஓரமும் மேல்வரை சேர்த்துத் தைத்திருக்கணும். இல்லையென்றால் லேஸ் இடுக்கு வழியாகத் தண்ணீரும் வரும், ரத்தம் உறிஞ்சும் அட்டையும் வரும். (அப்படித் தைத்திருந்தாலும் அட்டை சாக்ஸ் போட்டே ஆகணும்.) நனைந்ததை அடுப்போரம் வைக்காதீர்கள், உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் வையுங்கள், தாள் ஈரமானதும் மாற்றுங்கள்.

சர்வேயர்_கோவை: படியில் இறங்கிப் பார்த்தேன், விரல் முட்டவில்லை. நாக்கு பாதிவரைதான் தைத்திருக்கிறது. இரும்பு முனையும் இல்லை, பரவாயில்லையா?

ஆம்பூர்க்காரன்: குவாரிக்குள் போவதென்றால் ஐஎஸ் 15298 பாகம் 2 (பாதுகாப்புக் காலணிக்கான இந்தியத் தரம்) முத்திரை உள்ளதுதான் வேண்டும், அதன் முனை 200 ஜூல் அடி தாங்கணும். தேயிலைச் சரிவில் நடக்க அது வீண் பாரம். நாக்கு பாதி என்றால் ஓடையில் இறங்கும்போது தண்ணீர் வரத்தான் செய்யும், மாற்றித் தருவார்களா கேளுங்கள். வைத்துக்கொள்வதென்றால் வீட்டில் தினம் கொஞ்ச நேரம் போட்டு நடங்கள், குதிகால் சிவந்தவுடன் கழற்றிவிடுங்கள், கொப்புளம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.