எஸ்சிடலோப்ராமை 5 மி.கி.க்குக் கீழே குறைத்தவர்கள் யாராவது இருக்கீங்களா?

எல்லோருக்கும் வணக்கம். பதற்றத்துக்காகச் சில வருஷமாக எஸ்சிடலோப்ராம் எடுக்கிறேன். மனசு இப்போது நன்றாகவே இருக்கிறது. ஆனால் எடை ஏறுகிறது, பகலெல்லாம் கொட்டாவி, எதிலும் ஒட்டாத மாதிரி ஒரு மரமரப்பு. டாக்டரிடம் சொன்னதும் படிப்படியாகக் குறைக்கலாம் என்றார்.

10 மி.கி.யிலிருந்து 5க்கு வந்தது தெரியவே இல்லை. 5ஐப் பாதியாக்கியதும்தான் ஆரம்பித்தது வினை. கண்ணைச் சட்டென்று திருப்பினால் தலைக்குள் சுரீரென்று கரன்ட் அடித்த மாதிரி இருக்கிறது. கூடவே தலைசுற்றல், விடியற்காலையில் கன்னாபின்னா கனவுகள். வீட்டில் “பழைய வியாதி திரும்புது” என்கிறார்கள். இந்தக் கரன்ட் சமாச்சாரம் முன்னால் எனக்கு இருந்ததே இல்லையே!

படித்த வரையில், அளவு குறையக் குறைய ஒவ்வொரு மில்லிகிராமுக்கும் மூளையில் விளைவு அதிகம். அதனால் கடைசிப் படிகள் ரொம்பச் சின்னதாக இருக்கணுமாம். அந்தக் குட்டி மாத்திரையை பிளேடால் வெட்டினால் ஒரு பக்கம் பெரிசு, மறுபக்கம் தூள். ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவதும் சரிவராது. இதன் அரை ஆயுள், அதாவது உடம்பில் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரம், சுமார் 30 மணி நேரம்தான், ரத்தத்தில் அளவு ஏறி இறங்கும்.

அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கிறேன். அதுவரை நானாக எதையும் மாற்றப் போவதில்லை. 5க்குக் கீழே எப்படிக் குறைத்தீர்கள்? சொட்டு மருந்தாக நம்மூர்க் கடைகளில் யாருக்காவது கிடைத்ததா? ஒவ்வொரு படிக்கும் எவ்வளவு இடைவெளி விடச் சொன்னார்கள்? “உடனே நிறுத்திடு, யோகா போதும்” ரக அறிவுரை மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.