அண்ணா சாலையில் எதெல்லாம் பாரம்பரியக் கட்டடம்?

மணிமாறன்:
எல்.ஐ.சி. கட்டடத்தையும் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று போன வாரம் இங்கே கலைச்செல்வி எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. மவுண்ட் ரோடு என்று இருந்த இந்த அண்ணா சாலைக்கு முகம் தந்தவை, வெள்ளைக்காரர் காலத்தில் இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பிய பாணிகளைக் கலந்து கட்டிய இந்தோ-சாராசெனிக் கட்டடங்கள்தான். அதில் பழைய ஸ்பென்சர் கடைக் கட்டடம் 1983 தீவிபத்தில் போய்விட்டது. 1897-இல் டபிள்யூ.ஈ. ஸ்மித் கம்பெனிக்காகக் கட்டிய பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் மிஞ்சியிருக்கிறது. முதலில் அதைக் காப்பாற்றுவோம். கான்கிரீட் பெட்டிக்கு என்ன அவசரம்?

கலைச்செல்வி:
பெட்டி என்று ஒதுக்காதீர்கள் சார். அதைத் தன் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகத் தொடங்கியவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். லண்டன்காரர்களான பிரவுனும் மௌலினும் வரைந்ததை நம்ம ஊர்க் கட்டடக் கலைஞர் எல்.எம். சித்தாலே முடித்துக்கொடுத்தார். 1956-இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானதால் அது எல்.ஐ.சி.யின் கைக்கு வந்தது, 1959-இல் திறந்தார்கள். செங்கல்லையும் சுண்ணாம்பையும் நம்பியிருந்த ஊர், கான்கிரீட்டில் அத்தனை மாடி எழுப்பிய துணிச்சல் அது. அதுவும் இந்தச் சாலையின் வரலாறுதானே? வெள்ளைக்காரன் கம்பெனிக்குக் கட்டியதோடு வரலாறு நின்றுவிடுமா?

இளங்கோ:
இருவரும் உணர்ச்சிவசப்படுகிறீர்கள். பழைய கட்டடங்களின் முகப்பை மட்டும் நிறுத்திவிட்டுப் பின்னால் உயரமாகக் கட்டட்டும். உரிமையாளருக்கும் வருமானம் வேண்டாமா?

மணிமாறன்:
இளங்கோ, முகப்பு மட்டும் கட்டடம் ஆகாது. மெட்ராஸ் டெரஸ் கூரையை அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா? தேக்கு உத்திரங்களின் மேல் சிறு செங்கற்களைக் குத்துவாட்டில் நிறுத்திச் சுண்ணாம்புக் கலவையில் பதித்திருப்பார்கள். உயரமான கூரை, தடித்த சுவர், தாழ்வாரம் எல்லாம் சேர்ந்துதான் நம்ம ஊர் வெயிலைத் தடுக்கும். பின்பக்கத்தை இடித்தால் அதெல்லாம் போச்சு. வருமானம் என்கிறீர்கள், ஹிக்கின்பாதம்ஸைப் பாருங்கள். 1904-ஆம் ஆண்டுக் கட்டடம், இன்னும் புத்தகம் விற்கிறது!

கலைச்செல்வி:
இதில் மணிமாறன் சார் பக்கம்தான் நான். ஆளும் வேலையும் இருக்கிற கட்டடத்தில் ஒழுகினால் அன்றைக்கே பார்ப்பார்கள். பூட்டிப்போட்டால் சுவரில் ஆலங்கன்று முளைக்கும், அப்புறம் ‘இடிந்து விழும் நிலை’ என்று ஒரு சான்றிதழ் வரும். 2006-இல் பாரத் கட்டடத்தை இடிக்கத் தொடங்கியபோது உயர் நீதிமன்றத்துக்குப் போய்த்தான் தடுக்க முடிந்தது. ஆனால் பாதுகாப்புக்கு வயதை மட்டும் அளவுகோலாக வைத்தால் 1950-களின் கட்டடங்களுக்கு வழக்குப் போடக்கூட ஆதாரம் இருக்காது.

மணிமாறன்:
சரி, வயது மட்டும் போதாது என்பது நியாயம். ஆனாலும் வரிசை என்று ஒன்று உண்டு. எல்.ஐ.சி.யில் தினமும் அலுவலகம் நடக்கிறது. அதை யாரும் இடிக்க வரவில்லை. பட்டியலில் அதற்கு இடம் கேட்கும் முன், பாரத் கட்டடத்தின் கூரைக்கு வழி சொல்லுங்கள்.